நொண்டிய குரல்

என் கால் முறிந்த கதையைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான். அந்தச் சண்டை வருடங்களில் காயப்பட்ட எல்லாரிடமும் சொல்வதற்கு ஒரு ஷெல்லாவது ஒரு குண்டாவது இருந்தது. என்னிடம் அதுவும் இல்லை. குண்டு போடும் பொம்மர் வரும் சத்தம் கேட்டுப் பின்வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்கு ஓடினேன். வாசலில் கிடந்த பனங்குற்றி தடக்கியது. தலைகீழாக உள்ளே போனேன். பொம்மர் எங்கள் பக்கம் எட்டியும் பார்க்காமல் வேறெங்கோ போய்விட்டது. குண்டு விழவில்லை, நான்தான் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் எங்கே பட்டது என்று கேட்டபோதெல்லாம் கண்ணை மூடி நித்திரைபோலக் கிடந்தேன்.

வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. முதலில் காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டார்கள். பிறகு இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் பிளாஸ்டர். எல்லாமாக ஆறு மாதம். அண்ணை வீட்டில்தான் இருந்தேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, கலியாணம் ஆகவில்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். நடுவில் ஓட்டை வெட்டிய ஒரு கதிரையை அண்ணை செய்வித்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணி என்னைக் கழுவி, தலை வாரி, உடுப்பு மாற்றிவிடுவார். அதற்கு நன்றி சொல்வதை விட்டுவிட்டு நான் எரிந்து விழுந்தேன். ஒருநாள் தேத்தண்ணியில் சீனி இல்லை என்று கோப்பையைச் சுவரில் எறிந்தேன். ஊரிலேயே சீனி இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. அண்ணி ஒன்றும் பேசாமல் உடைந்ததைக் கூட்டி அள்ளினார். அவர் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிளாஸ்டரை வெட்டி எடுத்த நாள், உள்ளே இருந்து வெளியே வந்தது என் கால் அல்ல என்றுதான் நினைத்தேன். தோல் செதில் செதிலாக உரிந்து, தசை வற்றி, ஆம்பிளையின் காலைப்போல மயிர் வளர்ந்து கிடந்தது. முழங்கால் மடியவில்லை. மடி என்று மனதுக்குள் சொல்வேன், கேட்காது. நான் ஒன்றும் சொல்லாமல் கிடக்கும்போது தொடையில் ஒரு தசை தானாகத் துடிக்கும். யாரோ ஒருவரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. அதை என் கால் என்று சொல்ல வாய் வரவில்லை, 'உது' என்றுதான் சொன்னேன். "அண்ணி, உதை ஒருக்கா அங்காலை தூக்கி வையுங்கோ" என்பேன். அண்ணியும் உதைத் தூக்கி அங்காலே வைப்பார்.

இப்போது மடக்கிப் பழக்காவிட்டால் இது கடைசிவரைக்கும் தடிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நொச்சியிலை ஒத்தடம் பிடித்தோம். அரிசிப் பையில் மணல் நிரப்பிக் கணுக்காலில் கட்டித் தொங்கவிட்டோம். சைக்கிள் மிதிக்க முடிந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை என்று அவர் சொன்னதை அண்ணை பிடித்துக்கொண்டார். என்னுடைய சைக்கிளை விறாந்தையில் ஸ்ராண்டில் ஏற்றி, இரண்டு பக்கமும் கல் அண்டைகொடுத்து, ஹாண்டிலைத் தூணோடு சேர்த்துக் கட்டினார். ஸ்ராண்டில் நின்றால் பின்சில்லு நிலத்தில் முட்டாது. எவ்வளவு மிதித்தாலும் இருந்த இடத்தில்தான்.

அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளை இப்படி நிறுத்தி வைத்தால் அடுத்தது என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கரண்ட் இல்லாமற்போய் வருடக்கணக்காகிவிட்டது. பற்றரி உள்ளே வர அரசாங்கத் தடை. செய்தி கேட்பதென்றால் சைக்கிளின் டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து யாராவது சில்லைச் சுற்ற வேண்டும். மருதனார்மடத்தில் ரேடியோ திருத்துகிற ஒருவர் வயரின் நடுவில் ஏதோ இரண்டு சாமான் ஒட்டிக் கொடுத்தார். அண்ணைக்குப் பின்னேரச் செய்தி, எனக்கு மருந்து. ஒரு வேலையில் இரண்டு காரியம் என்று அண்ணைக்குச் சந்தோஷத்தில் பெரிய புளுகம்.

மிதிப்பது சொன்ன அளவுக்குச் சுலபமாக இருக்கவில்லை. இடது கால்தான் எல்லாவற்றையும் செய்யும். வலது கால் மேலே வரும்போது முழங்கால் மறிக்கும். இடுப்பைத் தூக்கி, பல்லைக் கடித்து, அதைத் தாண்டிவிட்டால் பொத்தென்று கீழே விழும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இழுப்பு, ஒரு விழுகை. ரேடியோவும் அதற்கேற்ப அமுங்கி அமுங்கிக் கதைக்கும். நான் வலியில் அழுதுகொண்டே மிதிப்பேன், அண்ணை செய்தி கேட்பார்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா இருந்தார். வீட்டில் தையல் மெஷின் வைத்துச் சட்டை தைத்துக் கொடுப்பவர். பிள்ளைகள் இல்லை. அவருடைய கணவர் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர். நான் விழுந்து ஒரு மாதத்தில், கொழும்பில் ஓர் அலுவலாக, அவர் கடலேரியைத் தாண்டக் கிளாலியில் வள்ளம் ஏறினார். அக்கரையில் இறங்கவில்லை. அன்றைக்குக் கடலில் நேவியின் துப்பாக்கிச் சூடு நடந்தது என்றார்கள். கடைசி நேரத்தில் வேறு வள்ளத்துக்கு மாறினார் என்று ஒருவர் வந்து சொன்னார். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்று இன்னொருவர். உடல் வரவில்லை. அக்கா குங்குமப் பொட்டை முன்னையைவிடப் பெரிதாக வைக்கத் தொடங்கினார்.

ஒரு பின்னேரம் எங்கள் ரேடியோச் சத்தம் கேட்டு அக்கா படலையைத் திறந்து வந்தார். கையில் ஒரு பழைய கசெட் ரெக்கோடர், சேலைத் தலைப்பில் சுற்றிய ஒரு கசெட். கனடாவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பக் கணவர் பேசிப் பதிந்தது. அப்போது அது வழக்கம். கடிதத்தில் அடங்காததை எல்லாம் கசெட்டில் கதைத்து, கொழும்புக்குப் போகும் யாரிடமாவது தபாலில் போடக் கொடுத்துவிடுவார்கள். இதைத் தானே கொண்டுபோய்ப் போடுவதற்கென்று எடுத்து வைத்தவர், விடியப்புறம் வெளிக்கிடும் அவசரத்தில் மேசையில் மறந்துவிட்டுப் போய்விட்டார். அதைப் பதிந்ததோடு வீட்டில் இருந்த கடைசிப் பற்றரியும் தீர்ந்துபோனதால் அக்கா அதை அதுவரை கேட்கவில்லை.

அண்ணை ரேடியோ வயரைக் கழற்றி ரெக்கோடரில் கொளுவினார். நான் மிதித்தேன். முதலில் ஓர் உறுமல் வந்தது. பிறகு ஓர் ஆள் கிணற்றுக்குள் நின்று கதைப்பதுபோலச் சொற்கள் எழும்பின. தம்பி, இங்கே எல்லாரும் சுகம், நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். தெற்கு வேலிக் கதியால் பட்டுப்போச்சு. மாமரம் இந்த முறை காய்க்கவில்லை. இப்படி ஊர்க் கதை. அந்த ரெக்கோடரின் மோட்டர் பழசு. கரண்ட் குறைந்தால் நாடா மெதுவாக ஓடும். என் முழங்கால் மறிக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய குரல் தடித்து இழுபட்டது, கால் விழும்போது மெலிந்து ஓடியது. அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது நேராக நடந்தவர். இப்போது என் காலால் நொண்டிக் கதைத்தார்.

நடுவில் ஓரிடத்தில் அக்காவின் குரலே கேட்டது, குசினியிலிருந்து. தேத்தண்ணி ஆறுதப்பா என்றது. அதற்கு அவர், ரெக்கோடருக்கு முதுகைக் காட்டித் திரும்பிச் சொன்னார்:

"வாறன், வாறன். நீ போ."

விறாந்தையில் இருந்த அக்கா சட்டென்று எழும்பி நின்றார். போவதற்கு இடம் இல்லாமல் திரும்பவும் இருந்தார். நான் காலை எடுத்துவிட்டேன். ஆனால் சில்லு தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் மிதிக்காமலே அவர் இன்னும் இரண்டு மூன்று சொல் கதைத்து, கீழே கீழே இறங்கி, மூச்சுப்போல அடங்கினார். அண்ணி கையில் பிடித்திருந்த ஜாம் போத்திலில் செய்த விளக்கை மேசையில் வைக்க மறந்து நின்றார்.

அதற்குப் பிறகு அக்கா நாள்தோறும் வந்தார். அண்ணைக்குப் பின்னேரச் செய்தி கேட்பது இல்லாமற்போனது, மனிதர் முணுமுணுக்கவில்லை. என் கால் நோகிறதே என்று ஒருநாள் அண்ணையே ஏறி மிதித்தார். நல்ல காலுடைய ஆள், விசுக்கு விசுக்கென்று மிதித்ததில் குரல் அணில் கத்துவதுபோல ஓடியது. அக்கா கையை உயர்த்தி மறித்தார். ரீச்சரே மிதிக்கட்டும் என்றார். பிறகொருநாள் நான் கேட்டேன், நீங்கள்தான் நாள் முழுக்கத் தையல் மெஷின் மிதிக்கிறவர், நீங்களே ஏறி மிதிக்கலாமே என்று. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் மிதித்தால் அது தான் கதைப்பதாகிவிடும் என்றார். நான் பெடலில் காலை வைத்தேன்.

அக்கா ஒன்றும் தெரியாதவர் அல்ல. சில்லு சுற்றினால் நாடா ஓடும், கால் நொண்டினால் குரலும் நொண்டும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார். அந்த 'வாறன்' ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வரும். எனக்கு வலி கூடின நாளில் அது தாழ்ந்து, களைத்து, தூரத்திலிருந்து வரும். ஒத்தடம் பிடித்துக் கால் இளகிய நாளில் படலையடியில் நின்று சொல்வதுபோலக் கிட்ட வரும். இன்றைக்கு அவருக்குக் களைப்பு, எங்கேயோ நடக்க விட்டிருக்கிறார்கள் என்பார் அக்கா. இன்றைக்குப் பரவாயில்லை, சாப்பிட்டிருக்கிறார் என்பார். ஒருநாள் 'வாறன்' என்பதன் நடுவிலேயே என் முழங்கால் பூட்டுப்போட்டதுபோல நின்றுவிட்டது. 'வா' என்ற எழுத்து ஒரு நீண்ட முனகலாகி இறங்கியது. அக்கா அன்றைக்கு இரவு சமைக்கவில்லை என்று பிறகு அறிந்தேன்.

இதில் எனக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். கசெட் முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது. மிதிக்காத நேரத்திலும் வலது கால் போர்வைக்குள் மெல்ல ஆடத் தொடங்கியது. ஒரு விடியற்காலை அண்ணி தேத்தண்ணியோடு வந்தவர் கட்டிலடியில் நின்றுவிட்டார். ஆருக்கு 'வாறன், நீ போ' என்று சொன்னனீர் என்று கேட்டார். நான் நித்திரையில் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அண்ணி கோப்பையை எட்ட நின்று நீட்டினார். அந்தக் குரல் எப்படி இருந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் கால் தேறிக்கொண்டு வந்தது. கண்ணால் பார்க்குமுன் காதால் கேட்டேன். இழுப்புக் குறைந்தது, குரலின் நொண்டல் குறைந்தது. சுவரைப் பிடித்து நடந்தேன், பிறகு தடியோடு. உது என்று சொல்வதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. ஒருநாள் அண்ணியிடம் என் கால் குளிர்கிறது என்றேன். அண்ணி சிரித்துவிட்டார்.

அவர் வள்ளம் ஏறி வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது கணவரின் தமையன் தென்மராட்சியிலிருந்து வந்தார். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. போன உயிர் அந்தரித்துக்கொண்டு திரியக் கூடாது, ஆண்டு முடியுமுன் செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்வோம் என்று அக்காவிடம் தன்மையாகச் சொன்னார். அதைச் செய்தால் பொட்டை அழிக்க வேண்டும், தாலிக்கொடியைக் கழற்ற வேண்டும். அன்று பின்னேரம் அக்கா எங்கள் விறாந்தையில் வந்திருந்து, இவர் கதைத்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்டார். நான் சைக்கிளில் ஏறினேன். வேறு என்ன செய்ய?

அதற்கு ஒரு கிழமை கழித்து, சொல்லிவைத்ததுபோல, முழங்கால் முழுச் சுற்றுச் சுற்றியது. இழுப்பும் இல்லை, விழுகையும் இல்லை. கணவரின் சொந்தக் குரல் அன்றைக்குத்தான் வந்தது. நேரான, சாதாரணமான, கச்சேரிக்குப் போகும் ஒரு மனிதரின் குரல். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். அண்ணி அழுதார். நான் என் காலைக் குனிந்து பார்த்து, பெருமைப்பட்டேன். ஓம், பெருமைதான் பட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு என் உடம்பு என் சொல்லைக் கேட்டது.

இரண்டாம் நாளும் அப்படியே வந்தது. மூன்றாம் நாளும். நான்காம் நாள் 'வாறன், வாறன். நீ போ' வந்தபோது அக்கா எழும்பவும் இல்லை, அசையவும் இல்லை. கசெட் முடிந்த பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னவர், ரீச்சர். இப்ப நாலு நாளாய் ஒரே மாதிரிச் சொல்லுறார்."

உயிரோடு இருப்பவன் ஒரு சொல்லை இரண்டு தரம் ஒரே மாதிரிச் சொல்ல மாட்டான் என்பது எனக்கும் தெரியும். அவர் வெறும் நாடாவாகிவிட்டார். ஆக்கியது என் முழங்கால். அன்றைக்கு இரவு முழுக்க அந்தக் காலைத் தடவிக்கொண்டே, பழையபடி மறிக்கட்டும் என்று நேர்ந்து கேட்டேன். கால் முறிந்தவள் எவளும் கேட்காத வரம்.

அடுத்த நாள் நான் பொய்யாக நொண்டினேன். கால் மேலே வரும்போது வேண்டுமென்றே நிறுத்தி, இடுப்பைத் தூக்கி, பொத்தென்று விட்டேன். குரல் இழுபட்டது, ஆனால் பழையபடி இல்லை. வலியில் நொண்டுவதை வலி இல்லாமல் எப்படிச் செய்வது? குடித்தவன் ஒருவன் கேலிக்குக் கதைப்பதுபோல இருந்தது. அக்கா ரெக்கோடரைப் பார்க்கவில்லை, என் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 'வாறன்' வருவதற்கு முன்னமே எழும்பி வந்து என் முழங்காலில் கையை வைத்தார். கை குளிர்ந்திருந்தது. சில்லு நின்றது.

"காணும், ரீச்சர். இனி மிதிக்க வேண்டாம். உங்கடை கால் நல்லாச் சுகப்பட்டிட்டுது."

கசெட்டைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். ரெக்கோடரை எடுக்கவில்லை. படலையைச் சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

ஆண்டு முடியுமுன் கிரியைகளைச் செய்தார்கள். உடல் இல்லாததால் கணவரின் படத்தைக் கதிரையில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். தடி இல்லாமல் நான் நடந்துபோன முதல் இடம் அந்த வீடுதான். வேலியைச் சுற்றிப் போனால் இருநூறு அடி இருக்காது. எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். ஒரு கிழவர், பிள்ளை நல்லாய் நடக்குது என்று சந்தோஷப்பட்டார். அக்கா பாயில் இருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தேன். நடந்தே வந்தனீங்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். அவ்வளவுதான் கதைத்தோம்.

எங்கள் ஊரில் எந்த வீட்டிலிருந்து வெளிக்கிட்டாலும் 'போட்டு வாறன்', அதாவது போய் வருகிறேன், என்று சொல்லித்தான் எழும்புவோம். செத்த வீட்டில் மட்டும் சொல்லக் கூடாது. துக்கம் நடந்த வாசலுக்குத் திரும்ப வருவேன் என்று சொல்வதில்லை. பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எழும்பி, முற்றத்தில் இறங்கி, நாலு அடி வைத்துத் திரும்பியபோது என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"வாறன், வாறன்."

அது நாக்குப் பழக்கத்தில் வந்த சொல்லா, அந்தக் கசெட்டிலிருந்து வந்ததா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. இரண்டு தரம் சொன்னேன் என்பது மட்டும் நிச்சயம். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த படலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பாயிலிருந்து பாதி எழும்பினார். நானும் திரும்பிப் பார்த்தேன். படலை திறந்து கிடந்தது, அங்கே ஒருவரும் இல்லை.

அண்ணி என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். வழியில் கால் ஒருமுறைகூட நோகவில்லை. ஓர் அடியாவது நொந்திருந்தால் அழுதிருப்பேன்.